காப்பகக் கட்டணம் யார் கணக்கில்?



குன்றத்தூரில் எங்கள் மஹல்லாவின் ஜமாஅத்தார் முன்னிலையில் அண்மையில் ஒரு குடும்ப வழக்கு வந்தது. கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். மனைவி ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்றரை வயதில் ஒரு மகன். அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் தாயார், உடல்நலம் குன்றி விழுப்புரத்தில் உள்ள மூத்த மகன் வீட்டிற்குப் போய்விட்டார். குழந்தை அடுத்த தெருவில் உள்ள தனியார் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. மூன்று மாதங்களில் இரண்டு முறை காய்ச்சல். மனைவி வேலையை விட வேண்டும் என்றார் கணவர். விட முடியாது என்றார் மனைவி. பேச்சு முற்றி, ஜமாஅத்துக்கு வந்தது.

அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. அந்தச் சகோதரி வேலையை விட வேண்டும். பெரியவர் ஒருவர் அதற்குக் காரணமும் சொன்னார்: “ஏம்மா, பிள்ளையைக் கூலிக்கு விட்டுட்டு நீ கூலிக்குப் போறே. இதுல உனக்கு என்ன மிச்சம்?” அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் மாதக் கணக்கு எழுதியிருந்தது. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. “பெரியவங்க நீங்க சொன்னா சரிதான். வாடகை மட்டும் யாரு குடுப்பாங்கன்னு சொல்லிடுங்க” என்று கூறிவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இருவரிடமும் அனுமதி பெற்றே, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். அன்று நாங்கள் சொன்னது தவறான தீர்ப்பு. மார்க்கத்தின் கணக்கிலும் தவறு, உலகக் கணக்கிலும் தவறு.

தாளில் இருந்த கணக்கு

அந்தத் தாளைப் பின்னர் கேட்டு வாங்கிப் படித்தேன். பிடித்தம் போக அந்தச் சகோதரி கையில் வாங்குவது மாதம் 16,000 ரூபாய். காப்பகக் கட்டணம் 4,500. ஷிஃப்டுக்கு ஏற்ப அதிகாலையிலும் இரவிலும் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடுதலாக 1,000. ஆட்டோவுக்கு 1,300. மொத்தம் 6,800. மீதம் 9,200. அதில் வீட்டு வாடகை 7,500. எஞ்சும் 1,700 ரூபாய், பிரசவத்தின்போது அடகு வைத்த நகையின் வட்டிக்கும் அசலுக்கும் போகிறது.

கணவருக்கு, கார்க் கடன் தவணையும் டீசலும் போக, சராசரியாக 18,000 ரூபாய் நிற்கிறது. உணவு, மின்சாரம், மருந்து, விழுப்புரத்துக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதிலிருந்து. ஒவ்வொரு மாதமும் அது தீர்ந்துவிடுகிறது.

“என்ன மிச்சம்?” என்று கேட்ட பெரியவர், 16,000 ரூபாயிலிருந்து 6,800 ரூபாயைக் கழித்துப் பார்த்தார். மஹல்லாவில் எல்லோரும் அப்படித்தான் கழிக்கிறோம். காப்பகச் செலவு என்றதும் நம் கை தானாகத் தாயின் சம்பளத்தின் பக்கம் போகிறது. தந்தையின் சம்பளத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தவர் அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. இருவர் வருமானத்தையும் சேர்த்தால் 34,000. அதில் 6,800 என்பது ஐந்தில் ஒரு பங்கு. இப்படிப் பார்த்திருந்தால், சுமை பெரிதுதான், ஆனால் வேலையை விட்டால் 9,200 ரூபாய் பள்ளம் விழும் என்பது உடனே விளங்கியிருக்கும்.

மார்க்கம் எந்தப் பக்கம் கழிக்கிறது?

கணக்கை எந்தப் பக்கம் கழிப்பது என்பதை மார்க்கம் நம் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தை நம் ஆலிம்கள் பெரும்பாலும் இரண்டாண்டுப் பாலூட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நீண்ட வசனத்தின் மற்றப் பகுதிகளையும் படிக்க வேண்டும். தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி அளிப்பது தந்தையின் கடமை என்று அது வைக்கிறது. சக்திக்கு மேல் யாரையும் சுமத்தக் கூடாது என்கிறது. குழந்தையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்தக் கூடாது, தந்தையையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. தந்தை இல்லையென்றால் பொறுப்பு வாரிசின் மீது செல்கிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து, மனமொத்துச் செய்யச் சொல்கிறது. பிறரைக் கொண்டு பாலூட்ட விரும்பினால் குற்றமில்லை, ஆனால் அவருக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிகிறது.

அத்தலாக் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. மணவிலக்குப் பெற்ற தாய் தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்கே பாலூட்டினாலும், அதற்குரிய கூலியைத் தந்தை கொடுக்க வேண்டும். குழந்தையைப் பேணுவது உழைப்பு என்பதையும், அந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதையும் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இதனோடு அந்நிஸா 32-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்ற அடிப்படையை நம் ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்தே எடுத்து விளக்குகின்றன. மனைவியின் சொத்து மனைவியுடையது. பிள்ளையின் பராமரிப்புச் செலவு முதலில் தந்தையின் பொறுப்பு. அப்படியானால் அந்தச் சகோதரியின் தாளில் உள்ள 6,800 ரூபாய் முதலில் யார் பெயரில் எழுதப்பட வேண்டும்? தந்தையின் பெயரில். அதை அவர் தம் சம்பளத்திலிருந்து கொடுப்பது சலுகை, ஸதகா. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது ஸதகாவாகுமா என்று கேட்டனுப்பியபோது, இரட்டை நன்மை உண்டு என நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஸதகா செய்கிறவரை நிறுத்தி வைத்து, “உனக்கு என்ன மிச்சம்?” என்று கேட்பது என்ன நியாயம்?

இதனால் அந்தக் கணவரைக் குற்றவாளியாக்குகிறேன் என்று எண்ண வேண்டாம். அவர் சக்திக்கு மீறி ஓடிக்கொண்டிருப்பவர். சக்திக்கு மேல் சுமத்தக் கூடாது என்ற விதி அவருக்கும் உரியது. தந்தையால் முடியாதபோது பொறுப்பு அடுத்தவர் மீது நகர்கிறது என்ற தத்துவத்தையே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அடுத்தவர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

“தாய் மடிக்கு ஈடு உண்டா?”

இல்லை. இதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. சிறு குழந்தைக்குத் தாயின் அருகாமை பெரும் நிஃமத். வசதியுள்ள குடும்பத்தில் ஒரு தாய் மனமுவந்து வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார் என்றால், அது மதிக்கத்தக்க முடிவு. குறைந்த கட்டணத்தில் நடக்கும் காப்பகங்களைப் பற்றிய கவலையும் நியாயமானதே. இரண்டு அறையில் இருபது குழந்தைகள், ஒரே ஆயா, நாள் முழுவதும் ஓடும் தொலைக்காட்சி. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கவலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிறர் கையில் குழந்தையை ஒப்படைப்பதே அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் பயான் செய்கிறார்கள். அவர்கள் ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களை எப்படிக் கடந்து போகிறார்கள்? அது அன்றைய அரபகத்தின் வழக்கம். இன்றைய காப்பகத்துக்கு அதை நேரடி ஆதாரமாக நான் காட்ட மாட்டேன். என்றாலும், நம் உயிரினும் மேலான நபியவர்கள் தம் குழந்தைப் பருவத்தைக் கூலி பெற்று வளர்த்த ஒரு பெண்ணின் அரவணைப்பில் கழித்தார்கள் என்பது வரலாறு. நல்லவரைத் தேடி, உரிய கூலி கொடுத்து ஒப்படைப்பதில் இழிவு எதுவும் இல்லை.

அஸ்மா பின்த் அபீபக்கர் (ரலி) அவர்களின் வாழ்வையும் பாருங்கள். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடந்தார்கள். குதிரையையும் பராமரித்தார்கள். பின்னர் தந்தை அபூபக்கர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளரை அனுப்பியபோது, தமக்கு விடுதலையே கிடைத்தது போல் இருந்தது என்று கூறினார்கள். மகள் சுமையில் தவிப்பதைக் கண்ட அந்தத் தந்தை, ஓர் ஆளை அனுப்பினார்கள். நாமோ மகளுக்கு அறிவுரையை மட்டும் அனுப்புகிறோம்.

“நன்னி இருக்கிறார்களே” என்பது இன்னொரு வாதம். அந்த நன்னிக்கு மூட்டுவலி, சர்க்கரை, கண்ணில் புரை. தம் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர், ஓய்வும் வணக்கமும் நாடும் வயதில் நாள் முழுவதும் நடைபழகும் குழந்தையின் பின்னே ஓட வேண்டும் என்று எந்தச் சட்டம் விதித்தது? அன்பினால் செய்தால் அது அவரது பெருந்தன்மை. கணக்கில் எழுதாத இலவச உழைப்பாக அதை எடுத்துக்கொள்வது அநீதி. மேலும், விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் இங்கு பிழைக்க வந்த குடும்பங்கள் பலவற்றில் நன்னி ஊரில் இருக்கிறார். இங்கே இருப்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான்.

தொழிற்சாலைகள் எங்கே நிற்கின்றன?

இனி உலகக் கணக்கு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இந்தப் பகுதியின் முகம் மாறியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கு வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பின்னர் மின்னணுத் தொழில் மீண்டும் பெருகியது. ஒரகடத்தில் வாகன ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களும் வரிசையாக எழுந்தன. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அரசு மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி இது. அந்தப் பெண்கள் தாயான பிறகு என்ன ஆகிறார்கள் என்பதை அதே மேடைகள் சொல்வதில்லை.

2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் பணிக்கு, குடும்பப் பொறுப்பு அதிகம் என்ற காரணத்தால் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்பது அதன் சாரம். நிறுவனம் அதை மறுத்தது. புதிதாகச் சேர்க்கப்பட்டோரில் நால்வரில் ஒருவர் மணமான பெண் என்று அந்நிறுவனம் தெரிவித்ததாகவும் செய்திகள் வந்தன. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 18,720 பேர் தங்கும் பிரம்மாண்டமான பெண்கள் விடுதி திறக்கப்பட்டது.

விடுதி நல்ல காரியம்தான். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நினைத்தால், நல்ல விடுதியின் அருமை புரியும். ஆனால் அதற்குள் மறைந்திருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணின் படுக்கைக்கு 18,720 இடம் கட்ட முடிகிறது. அதே பெண் இருபத்தாறு வயதில் தாயாகும்போது, அவர் குழந்தைக்கு ஒரு தொட்டில் கட்ட இடமில்லை என்றால், இந்தத் தொழில் வளர்ச்சி யாரை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48-ஆம் பிரிவில், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள காப்பறையும் பயிற்சி பெற்ற பெண் பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பெண்களை மட்டும் எண்ணும் அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. பெண்களை முப்பதுக்குள் நிறுத்திக்கொண்டால் காப்பறை கட்ட வேண்டியதில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண், பெண் சேர்த்து ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொன்னது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் ஐம்பது என்ற எண்ணை வைத்துக்கொண்டது. பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் காப்பகம் அமைக்கலாம் என்றும் அது அனுமதிக்கிறது. வேலி போட்ட ஒரே வளாகத்தில் பல ஆலைகள் நிற்கும் சிப்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

“தாய்மார்களை வேலைக்கு வைத்தால் எங்களுக்குச் செலவு” என்பது முதலாளிகளின் பழைய புலம்பல். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார். அவருடைய 26 வார மகப்பேற்றுக் கால உதவித்தொகையை ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. இந்தப் பகுதியில் ஆலைத் தரையில் நிற்கும் ஒப்பந்தப் பெண்களில் மிகப் பலர் அந்த வரம்புக்குள்தான் வருவார்கள். ஆக, விடுப்புச் செலவு என்ற சாக்கும் இங்கே செல்லாது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோது, ஏரி தூர்வாரும் இடத்தில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று விதித்தது. மண்வெட்டி பிடிக்கும் இடத்தில் நியாயமானது, கைப்பேசி செய்யும் இடத்தில் மட்டும் ஆடம்பரம் ஆகிவிடுமா?

அரசின் அங்கன்வாடியை மறந்துவிடவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்கள் இயங்குகின்றன. சத்துணவுக்கும் தடுப்பூசிக்கும் அவை செய்த தொண்டு மிகப் பெரியது. ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது ஆன பிறகே அங்கு உட்கார வைக்கிறார்கள். மாலைக்குள் மூடிவிடுகிறார்கள். அதிகாலை 5.10-க்குக் குன்றத்தூரில் கம்பெனிப் பேருந்து ஏறும் தாய்க்குக் காலை ஒன்பது மணி அங்கன்வாடி எப்படிப் பயன்படும்? அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த ‘பால்னா’ என்ற ஒன்றியத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் அதை ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ப விரிவாக்குவதே அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த நிகழ்ச்சியை நாம் மேடைதோறும் சொல்கிறோம். இரவில் ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே அரசு உதவித்தொகை என்ற விதியால், தாய் முன்கூட்டியே பாலை நிறுத்தியிருந்தார். அதை அறிந்து வருந்திய கலீஃபா, பிறந்த நாள் முதலே உதவித்தொகை என்று விதியை மாற்றினார்கள். அந்தத் தாயை அவர்கள் கண்டித்து அனுப்பவில்லை. தாயை அப்படிச் செய்ய வைத்த விதியைத் திருத்தினார்கள். ஆட்சியாளர்களுக்குச் சொல்லிக் காட்டும் இந்தப் பாடம் ஜமாஅத்துக்கும் உரியதுதானே?

பூட்டிக் கிடக்கும் மத்ரஸா

இப்போது அந்த ‘அடுத்தவர்’ யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆலைகளும் அரசும் செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை அந்தக் குழந்தை காத்திருக்காது. நாம் என்ன செய்கிறோம்?

எங்கள் மத்ரஸா கட்டடத்தில் காலை மக்தப் 8 மணிக்கு முடிகிறது. மாலை மக்தப் 5 மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் ஒன்பது மணி நேரம் பூட்டு. கீழ்த்தளத்தில் தனி வாசலோடு இரண்டு அறைகள், மக்தபுக்கும் தேவைப்படாமல், பழைய பாய்களும் உடைந்த ஒலிபெருக்கியும் வைக்கும் இடமாக நாள் முழுவதும் கிடக்கின்றன. மின்விசிறி, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கின்றன. ஃபஜ்ருக்காகப் பள்ளிவாசல் அதிகாலையிலேயே திறந்துவிடுகிறது. ஆகவே அதிகாலை ஷிஃப்டுக்குப் போகும் தாய் 4.45-க்குக் குழந்தையை ஒப்படைக்க முடியும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன். பதினைந்து குழந்தைகள். நேரம் மாறி மாறி வேலை செய்ய நான்கு பெண்கள், ஒவ்வொருவருக்கும் மாதம் 12,000 ரூபாய் வீதம் 48,000. பால், உணவு 15,000. மின்சாரம், துப்புரவு, மருந்துப் பெட்டி 7,000. மொத்தம் 70,000. ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 4,670. பெற்றோர் தலைக்கு 2,500 கொடுத்தால் 37,500 வரும். பற்றாக்குறை 32,500. மஹல்லாவில் 65 பேர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் அது அடைந்துவிடும். ஆண்டுவிழா மேடைக்கும் விருந்துக்கும் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஒரே மாலையில் திரட்டிக் காட்டிய ஜமாஅத்துக்கு இது எட்டாத தொகையா? ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்தின் பங்கை ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா, எந்த முறையில் கொடுக்கலாம் என்பதை ஆலிம்கள் தீர்மானிக்கட்டும். மற்றவர்களுக்குப் பொது ஸதகா இருக்கிறது, பைத்துல்மால் இருக்கிறது.

“ஆயாவுக்கு 12,000 எதற்கு? ஆறாயிரத்துக்கே ஆள் கிடைக்கும்” என்று யாரேனும் சொல்வார்கள். கிடைக்கும். மலிவான காப்பகங்கள் அப்படித்தான் மலிவாக இருக்கின்றன. ஓர் ஏழைத் தாயின் கட்டணத்தைக் குறைக்க இன்னோர் ஏழைப் பெண்ணின் கூலியில் கை வைக்கிறார்கள். பாலூட்டுகிறவருக்கு உரியதை முறையாகக் கொடுக்கச் சொன்ன வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அந்த வழியில் போக முடியாது. கட்டணமும் குறைவாக, கூலியும் நியாயமாக இருக்க வேண்டுமானால், நடுவில் உள்ள பள்ளத்தை யாரோ நிரப்ப வேண்டும். ஜமாஅத் என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள்?

பெண்கள் தாமே சேர்ந்து காப்பகம் நடத்துவது இந்நாட்டுக்குப் புதிதல்ல. குஜராத்தில் 1972-இல் இலா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பின் உழைக்கும் பெண்கள், தங்கள் குழந்தைகளுக்கான காப்பகங்களைக் கூட்டுறவாகவே நடத்தினார்கள். தில்லியில் 1969-இல் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக வேலையிடத்திலேயே காப்பகம் தொடங்கினார். அவர்களிடம் கட்டடம்கூட இல்லை. நம்மிடம் கட்டடம் இருக்கிறது.

சில நிபந்தனைகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிய அரசுப் பதிவு வேண்டும். பணியாளர் பற்றிக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். கேமரா வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் தாய்மார்கள் இருக்க வேண்டும், முத்தவல்லியும் செயலாளரும் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் குழுவாக அது ஆகக் கூடாது. எதிர்த் தெருவில் வசிக்கும் பிற சமயச் சகோதரியின் குழந்தைக்கும் அதே கட்டணத்தில் இடம் வேண்டும். ஒரே பேருந்தில் ஒரே ஷிஃப்டுக்குப் போகிற இருவரில் ஒருவர் குழந்தைக்கு மட்டும் கதவைத் திறப்பது நம் மார்க்கத்துக்கு அழகல்ல.

இரவு பத்து மணிக்கு முடியும் ஷிஃப்டுக்கு இந்தக் காப்பகம் தீர்வாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏழு மணிக்கு மூடியாக வேண்டும். அந்த வாரங்களில் மாலையில் குழந்தையை அழைத்துப் போய், சோறூட்டி, தூங்க வைக்க வேண்டியவர் தந்தை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். அந்த ஸுன்னத்தைத் தாடியின் அளவுக்காவது பேசுவோம். அன்றைய கூட்டத்தில் அந்த ஓட்டுநர் சகோதரரிடம், “மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியை நிறுத்த முடியுமா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் நான் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அதிகாலை ஏர்போர்ட் சவாரி பிடிச்சா சமாளிக்கலாம் பாய். யாரும் கேக்கல, நானும் யோசிக்கல” என்றார். ஒரு குடும்பத்தின் சண்டையில் பாதி, இப்படி ஒருவரும் கேட்காத கேள்வியில் முடங்கிக் கிடந்தது.

அந்தச் சகோதரி இன்னும் வேலையை விடவில்லை. மாத இறுதி வரை அவகாசம் கேட்டிருக்கிறார். அதற்குள் ஜமாஅத் மீண்டும் கூட வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இரண்டு பொருள்கள் மட்டும் போதும். முதலாவது, சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெறுவது. இரண்டாவது, கீழ்த்தள அறைகளின் சாவியைக் கொடுப்பது. மாதம் 500 ரூபாய் தரத் தயாராக உள்ளவர்களின் பட்டியலில் இதுவரை பதினொரு பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஐம்பத்து நான்கு பேர் வேண்டும்.

பிள்ளைகளை நம்மிடம் அமானிதமாகத் தந்த அல்லாஹ், அவர்களின் சுமையைத் தாய்மார்கள் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்கும் குற்றத்திலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.